புரதத்தில் எந்த எச்சம் எதைத் தொடுகிறது? தொடுகைப் பகுப்பாய்வு, படிப்படியாக

புரத அமைப்புக் கோப்பு ஒன்றைத் திறந்தால் அணுக்களின் பெயர்களும் எக்ஸ், ஒய், இசட் ஆயத்தொலைவுகளும் வரிசையாக இருக்கும். எந்த அமினோ அமில எச்சம் (சங்கிலியில் கோக்கப்பட்ட ஓர் அமினோ அமில அலகு) எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற தகவல், டைசல்ஃபைடு (இரு சல்ஃபர் அணுக்களுக்கு இடையிலானது) போன்ற சில பிணைப்புகளைத் தவிர, அதில் இருக்காது. அதை நாம்தான் கணக்கிட வேண்டும். கணக்கிடும் முன், எதைத் தொடுகை என்று ஏற்பது என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும். ஒரே கோப்பிலிருந்து இருவர் வெவ்வேறு தொடுகைப் பட்டியல்களோடு வருவது பெரும்பாலும் இந்த முடிவு வேறுபட்டதால்தான். கணக்கு தப்பியதால் வருவது குறைவு. ஆகவே இந்தக் கட்டுரையில் நிரலைவிட, வரையறைக்கும் கோப்பைச் சுத்தம் செய்வதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

பழகுவதற்கு யுபிக்விட்டின் நல்ல புரதம். பிடிபி என்ற புரத அமைப்புத் தரவு வங்கியில் 1யுபிக்யூ என்ற அடையாளத்தில் இருக்கிறது. ஒரே சங்கிலி, 76 எச்சங்கள், 1.8 ஆங்ஸ்ட்ராம் பகுதிறன் (அமைப்பு எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்ற அளவு; ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). சிறிய புரதம் என்றாலும் ஆல்ஃபா சுருள், இணை பீட்டா இழைகள் (ஒரே திசையில் ஓடுபவை), எதிரிணை பீட்டா இழைகள் (எதிர்த்திசையில் ஓடுபவை), உப்புப் பாலங்கள் (எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு) எல்லாம் இதில் உண்டு. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் இதிலிருந்தே எடுக்கப்பட்டவை.

முதலில் கோப்பைச் சுத்தம் செய்யுங்கள்

தொடுகைப் பகுப்பாய்வில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பழைய பிடிபி வடிவத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் நிலையான இடம் உண்டு. அணுப் பெயர் 13 முதல் 16 வரையிலான இடங்களில், மாற்று நிலைக் குறி 17இல், எச்சத்தின் பெயர் 18–20இல், சங்கிலிப் பெயர் 22இல், எச்ச எண் 23–26இல், செருகல் குறி 27இல், ஆயத்தொலைவுகள் 31–54இல், இருப்பு விகிதம் (அணு அந்த இடத்தில் இருக்கும் பங்கு) 55–60இல், பி-காரணி (அணு எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) 61–66இல், தனிமக் குறி 77–78இல். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் வரியை இடைவெளிகளில் வெட்டிப் பிரிக்கவே கூடாது. எச்ச எண் ஆயிரத்தைத் தாண்டினால் சங்கிலிப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆயத்தொலைவு −100க்குக் கீழே போனால் எட்டு இடங்களும் நிறைந்து முந்தைய எண்ணோடு ஒட்டும். சிறிய புரதங்களில் சரியாக ஓடிய நிரல், பெரிய புரதத்தில் சத்தமில்லாமல் தவறான எண்களைப் படித்துவிடும். இடங்களை எண்ணி வெட்டுங்கள். அதைவிட நல்லது, பயோபைத்தான், புரோடி, எம்டிஅனாலிசிஸ் போன்ற நிரல் நூலகத்திடம் வேலையை விட்டுவிடுவது.

கால்சியம் அயனியும் ஆல்ஃபா கார்பனும் (ஒவ்வோர் எச்சத்தின் நடுக் கார்பன்) அணுப் பெயரில் ஒரே இரண்டு எழுத்துகளைப் பகிர்ந்துகொள்கின்றன. வேறுபாடு, முதல் எழுத்து 13ஆம் இடத்தில் தொடங்குகிறதா 14ஆம் இடத்தில் தொடங்குகிறதா என்பது மட்டுமே. 13 என்றால் கால்சியம், 14 என்றால் ஆல்ஃபா கார்பன். வெற்றிடங்களை நீக்கிவிட்டுப் பெயரை ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான். கால்மோடுலின் போன்ற கால்சியம் பிணைக்கும் புரதத்தில், இல்லாத எச்சங்கள் நான்கைந்து பட்டியலில் முளைத்தால் காரணம் இதுதான். தனிமக் குறியையும் சேர்த்துச் சரிபார்த்தால் சிக்கல் தீரும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. நீரையும் லிகண்டையும் (புரதத்தோடு பிணையும் சிறு மூலக்கூறு) தவிர்ப்பதற்காக, ஹெட்டிரோ அணு (வழக்கமான அமினோ அமிலத்தைச் சேராதது) என்று குறிக்கப்பட்ட வரிகள் எல்லாவற்றையும் நீக்கினால் செலினோமெத்தியோனினும் சேர்ந்து போய்விடும். படிகவியலில் கட்டச் சிக்கலை (சிதறிய அலைகளின் கட்டம் அளவீட்டில் கிடைக்காததை) தீர்க்க மெத்தியோனினுக்குப் பதிலாக அதைச் சேர்ப்பது வழக்கம். அது பெரும்பாலும் புரதத்தின் உட்கருவில் உட்கார்ந்திருக்கும். அதை நீக்கினால் உட்கருவின் தொடுகைகளில் ஓட்டை விழும். பாஸ்ஃபோசெரின் போன்ற மாற்றம் பெற்ற எச்சங்களுக்கும் இதே கதைதான். நீரை அதன் பெயரைச் சொல்லி நீக்குங்கள். மாற்றம் பெற்ற அமினோ அமிலங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்று நிலைகள் அடுத்து. ஒரு பக்கச் சங்கிலி (முதுகெலும்பிலிருந்து கிளைக்கும் பகுதி) இரண்டு நிலைகளில் தெரிந்தால் ஏ, பி என்று இரண்டும் கோப்பில் இருக்கும். ஓர் எச்சத்தின் ஏ நிலைக்கும் பக்கத்து எச்சத்தின் பி நிலைக்கும் இடையே தொடுகை எண்ணினால், ஒருபோதும் ஒன்றாக இல்லாத இரண்டைத் தொட வைத்ததாகிவிடும். தொடக்கத்தில் இருப்பு விகிதம் அதிகமுள்ள நிலையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பயோபைத்தான் இயல்பாகவே அப்படித்தான் செய்கிறது.

எச்ச எண்களை வெறும் முழு எண்ணாகச் சேமிக்காதீர்கள். எதிர்ப்பொருள் கோப்புகளில் 100, 100ஏ, 100பி என்று செருகல் குறியோடு எண்கள் வரும். குறியை விட்டுவிட்டால் மூன்று எச்சங்கள் ஒன்றாகச் சுருங்கிவிடும். சங்கிலி, எண், செருகல் குறி மூன்றும் சேர்ந்ததே ஓர் எச்சத்தின் முகவரி. எம்எம்சிஐஎஃப் என்ற புதிய கோப்பு வடிவத்தில் இன்னொரு கவனம் தேவை: அங்கே ஆசிரியர் கொடுத்த எண், தரவு வங்கி 1இலிருந்து கொடுத்த எண் என்று இரண்டு வரிசைகள் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் முதல் வகை. எதை எடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். 99,999 அணுக்களையோ 62 சங்கிலிகளையோ தாண்டும் அமைப்புகளுக்குப் பழைய வடிவக் கோப்பே கிடைக்காது என்பதால், தொடக்கத்திலேயே எம்எம்சிஐஎஃப்புக்குப் பழகுவது நல்லது.

ஹைட்ரஜனையும் பாருங்கள். எக்ஸ் கதிர் அமைப்புகள் பெரும்பாலானவற்றில் ஹைட்ரஜன் இருக்காது. என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) அமைப்புகளில் இருக்கும். ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இதை மறந்தால், என்எம்ஆர் பக்கம் மட்டும் தொடுகைகள் ஏகமாகப் பெருகித் தெரியும். கன அணுக்களை (ஹைட்ரஜன் அல்லாதவற்றை) மட்டும் எடுத்து இருபக்கமும் சமமாக்குங்கள். என்எம்ஆர் கோப்பில் பல மாதிரிகள் அடுக்கியிருக்கும் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு மாதிரியை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வரையறையைத் தேர்ந்தெடுப்பது

வழக்கில் இருப்பவை முக்கியமாக மூன்று.

ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையிலான தொலைவு 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்பது மிக எளியது. பக்கச் சங்கிலி தெளிவில்லாத அமைப்புகளிலும் வேலை செய்யும். ஆனால் பக்கச் சங்கிலி எந்தப் பக்கம் நீள்கிறது என்று அதற்குத் தெரியாது. பீட்டா இழை ஒன்றில் அடுத்தடுத்த எச்சங்களின் பக்கச் சங்கிலிகள் தாளின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நீளும்; முதுகெலும்புகள் அருகே இருப்பதால் ஒன்றையொன்று பார்க்காத பக்கச் சங்கிலிகளையும் இது தொடுகை என்றே எண்ணும். மாறாக, ஆர்ஜினினும் குளூட்டமிக் அமிலமும் கையை நீட்டி உப்புப் பாலம் கட்டும்போது அவற்றின் ஆல்ஃபா கார்பன்கள் 10 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் இருக்கக்கூடும். அது பட்டியலில் வராமலே போய்விடும்.

பீட்டா கார்பன்களை (பக்கச் சங்கிலியின் முதல் கார்பன்) எடுத்து 8 ஆங்ஸ்ட்ராம் வைப்பது அடுத்தது. தொடுகைகளை முன்கணிக்கும் துறையில் இதுவே வழக்கம்; காஸ்ப் (புரத அமைப்பு முன்கணிப்புகளைச் சோதிக்கும் போட்டி) மதிப்பீடுகளிலும் இதுவே பயன்பட்டது. பக்கச் சங்கிலியின் திசை ஓரளவு உள்ளே வந்துவிடுகிறது. கிளைசினுக்குப் பீட்டா கார்பன் கிடையாது. அங்கே ஆல்ஃபா கார்பனையே எடுப்பார்கள். இன்னும் துல்லியம் வேண்டுமானால் பீட்டா கார்பன் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிடலாம். நைட்ரஜனிலிருந்து ஆல்ஃபா கார்பனுக்குப் போகும் திசையன் ப, ஆல்ஃபா கார்பனிலிருந்து கார்பனைல் கார்பனுக்குப் போகும் திசையன் க, இவ்விரண்டின் குறுக்குப் பெருக்கம் அ என்று வைத்தால், ஆல்ஃபா கார்பனின் இடத்தோடு −0.5827 அ + 0.5680 ப − 0.5407 க என்பதைக் கூட்டினால் போதும். குறுக்குப் பெருக்கத்தில் வரிசை முக்கியம்: ப-வை முதலிலும் க-வைப் பிறகும் எடுக்க வேண்டும். மாற்றினால் குறி திரும்பி, கிடைப்பது எதிர்க்கை அமினோ அமிலத்தின் பீட்டா கார்பனாக இருக்கும்.

மூன்றாவது, இரு எச்சங்களின் எந்த இரு கன அணுக்களுக்கு இடையிலும் உள்ள மிகக் குறைந்த தொலைவை எடுத்து, அது 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. நிஜமான தொடுதலுக்கு மிக நெருக்கமானது இதுவே. கார்பனின் வான் டெர் வால்ஸ் ஆரம் சுமார் 1.7 ஆங்ஸ்ட்ராம், ஆகவே இரண்டு கார்பன்கள் உரசி நிற்கும் தொலைவு 3.4. நீர் மூலக்கூறின் விட்டம் சுமார் 2.8 என்பதால், அது நடுவில் நுழைய கார்பன்களுக்கு இடையே ஏறக்குறைய 6.2 ஆங்ஸ்ட்ராம் தேவை. 4.5க்குள் இருக்கும் கார்பன்களுக்கு நடுவே எதுவும் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த வரையறையின் குறை, பெரிய எச்சங்களுக்குச் சாதகமாக இருப்பது. சங்கிலியில் டிரிப்டோஃபானுக்குக் கன அணுக்கள் 14, கிளைசினுக்கு 4. எந்த எச்சத்துக்குத் தொடுகை அதிகம் என்று வரிசைப்படுத்தினால், அளவில் பெரியவையே முன்னால் வந்து நிற்கும். அதை உயிரியல் கண்டுபிடிப்பாக எழுதிவிட வேண்டாம்.

எதை எடுப்பது? புரதத்தின் மடிப்பு வடிவத்தை ஒப்பிட அல்லது முன்கணிப்பைச் சோதிக்கப் பீட்டா கார்பன் வரையறை. ஒரு மரபுப்பிறழ்வு எந்த இடைவினையைக் கெடுக்கிறது, இரு சங்கிலிகள் எங்கே ஒட்டுகின்றன என்று கேட்டால் கன அணு வரையறை. ஆல்ஃபா கார்பன் வரையறையைக் கரடுமுரடான மாதிரிகளுக்கும், பக்கச் சங்கிலியை நம்ப முடியாத குறைந்த பகுதிறன் அமைப்புகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லைத் தொலைவோடு இன்னொரு எண்ணும் தேவை: வரிசையில் எவ்வளவு தள்ளி இருக்கும் எச்சங்களை மட்டும் எண்ணுவது? பக்கத்துப் பக்கத்து எச்சங்கள் எப்படியும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதில் செய்தி இல்லை. வரிசை இடைவெளி 6 முதல் 11 வரை குறுந்தொலைவு, 12 முதல் 23 வரை நடுத்தரம், 24 அல்லது அதற்கு மேல் நெடுந்தொலைவு என்பது முன்கணிப்புத் துறையின் வழக்கம். யுபிக்விட்டினில் மொத்த எச்ச இணைகள் 2,850. இடைவெளி 6 அல்லது அதற்கு மேல் என்று கேட்டால் 2,485, 24 அல்லது அதற்கு மேல் என்றால் 1,378. விகிதம் சொல்லும்போது எதால் வகுத்தீர்கள் என்பதைச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. சுருளுக்குள் நடக்கும் இடைவினைகளே உங்கள் கேள்வி என்றால் மட்டும் 3, 4 இடைவெளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கிடுவது

இந்தப் படி எளிது. யுபிக்விட்டினின் 602 புரத அணுக்களுக்கு மொத்த இணைகள் 1,80,901. எல்லாவற்றுக்கும் தொலைவு கண்டுபிடிப்பது கணினிக்கு ஒரு நொடி வேலைகூட இல்லை. ரைபோசோம் அளவுக்குப் போனால் கேடி மரம் (அருகிலுள்ள புள்ளிகளை விரைவாகத் தேட உதவும் தரவு அமைப்பு) வேண்டும். பயோபைத்தானின் நெய்பர்செர்ச் அதைத்தான் உள்ளே பயன்படுத்துகிறது: சுத்தம் செய்த அணுக்களின் பட்டியலைக் கொடுத்து, 4.5 ஆரத்துக்குள் உள்ள அணு இணைகளைக் கேட்டு, அவற்றை எச்ச இணைகளாகத் தொகுத்து, ஒரே எச்சத்துக்குள் வருவதையும் வரிசையில் அருகில் உள்ளவற்றையும் கழித்தால் பட்டியல் தயார். ஒவ்வோர் இணைக்கும் மிகக் குறைந்த தொலைவையும் அதைத் தந்த இரண்டு அணுக்களின் பெயரையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஆம், இல்லை என்று மட்டும் சேமித்தால், பிறகு சந்தேகம் வரும்போது முழுவதையும் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.

நிரல் எழுதாமல் பார்க்க விரும்பினால் சைமராஎக்ஸ் மென்பொருளில் தொடுகைகளைக் காட்டும் கட்டளை உண்டு. ஆனால் அது நேரடித் தொலைவைப் பார்ப்பதில்லை. இரு அணுக்களின் வான் டெர் வால்ஸ் ஆரங்களைக் கூட்டித் தொலைவைக் கழித்து, அந்த மேற்கவிவு −0.4 ஆங்ஸ்ட்ராமோ அதற்கு மேலோ இருந்தால் தொடுகை என்கிறது. 4.5 வரம்பை வைத்து நீங்கள் எடுத்த பட்டியலோடு அது பொருந்தாவிட்டால் பதற வேண்டாம், வரையறை வேறு.

பட்டியலை நம்பும் முன்

அடுத்தடுத்த ஆல்ஃபா கார்பன்களின் தொலைவுகளை மட்டும் முதலில் அச்சிடுங்கள். எல்லாம் 3.8ஐ ஒட்டி இருக்க வேண்டும். எங்காவது 2.9 வந்தால் அது சிஸ் பெப்டைடு பிணைப்பு. பெரும்பாலும் புரோலினுக்கு முன்னால் இருக்கும். 4.2ஐத் தாண்டினால் சங்கிலி அங்கே அறுந்திருக்கிறது, நடுவில் எச்சங்கள் காணாமல் போயிருக்கின்றன. பிடிபி கோப்பின் 465ஆம் குறிப்பில் விடுபட்ட எச்சங்களும், 470இல் விடுபட்ட அணுக்களும் பட்டியலிடப்பட்டிருக்கும். விடுபட்ட எச்சத்துக்குத் தொடுகை பூஜ்யம் என்று எழுதாதீர்கள். தெரியாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

அடுத்து, விடை தெரிந்த ஒரு சோதனை. கிராம்பின் என்ற 46 எச்சப் புரதத்தில், அதாவது 1சிஆர்என் கோப்பில், 3–40, 4–32, 16–26 என்ற மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் உண்டு. உங்கள் பட்டியலில் இம்மூன்றும் சல்ஃபர்–சல்ஃபர் தொலைவு 2.05 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எண்ணிடுவதிலோ படிப்பதிலோ பிழை இருக்கிறது.

பிறகு யுபிக்விட்டினின் தொடுகை வரைபடத்தை வரையுங்கள். இரண்டு அச்சிலும் எச்ச எண், தொடுகை உள்ள இடத்தில் புள்ளி. 23 முதல் 34 வரை உள்ள சுருள், மூலைவிட்டத்தை ஒட்டித் தடித்த பட்டையாகத் தெரியும். இடைவெளி 6க்குக் கீழே வெட்டியிருந்தால் அந்தப் பட்டையே இருக்காது. 1–7, 10–17 இழைகள் எதிரிணையாக ஓடுவதால் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரும்: 3உம் 15உம், 5உம் 13உம், கூட்டினால் 18. 42உம் 70உம், 44உம் 68உம் என்று கூட்டுத்தொகை 112 வரும் இன்னொரு செங்குத்துக் கோடு மேலே இருக்கும். முதல் இழையும் கடைசி இழையும் இணையாக ஓடுவதால் 2–64, 6–68 பக்கம் மூலைவிட்டத்துக்கு இணையான கோடு தெரியும். எதிரிணை என்றால் கூட்டுத்தொகை மாறாது, இணை என்றால் வித்தியாசம் மாறாது. இதைப் பிடித்துக்கொண்டால் எந்தப் புரதத்தின் வரைபடத்தையும் படிக்கலாம்.

கடைசி நான்கைந்து எச்சங்களை இந்தக் கோப்பில் நம்பி எதுவும் சொல்லாதீர்கள். வால் பகுதி ஆடிக்கொண்டிருப்பதால் அங்கே இருப்பு விகிதமே 1க்குக் கீழே இருக்கிறது. பொதுவாகப் பி-காரணி எவ்வளவு ஆட்டத்தைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதை 79ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 20 என்றால் சுமார் 0.5 ஆங்ஸ்ட்ராம், 80 என்றால் 1 ஆங்ஸ்ட்ராம். பி-காரணி 80 உள்ள இரண்டு அணுக்கள் 4.4 தொலைவில் தொடுகின்றன, 4.6 தொலைவில் தொடவில்லை என்று பிரிப்பது வீண். எனவே 4.0, 4.5, 5.0 என்று மூன்று எல்லைகளில் ஓட்டி, உங்கள் முடிவு மூன்றிலும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத முடிவை வெளியிட வேண்டாம்.

ஆல்ஃபாஃபோல்டு (செயற்கை நுண்ணறிவு முன்கணிப்பு) மாதிரிகளில் அதே பி-காரணி இடத்தில் பிஎல்டிடிடி என்ற நம்பிக்கை மதிப்பு இருக்கும். திசை தலைகீழ்: அங்கே எண் அதிகமாக இருந்தால் நம்பிக்கை அதிகம். 90க்கு மேல் மிக நம்பகம், 70 முதல் 90 வரை நம்பகம், 50க்குக் கீழ் உள்ள பகுதியில் தொடுகை எண்ணுவதில் பயனில்லை. இரண்டு களங்களுக்கு (தனித்தனியே மடியும் பகுதிகளுக்கு) இடையிலான தொடுகைக்கு இதுவும் போதாது. இரண்டும் தனித்தனியே 90க்கு மேல் இருந்துகொண்டே ஒன்றுக்கொன்று தவறான இடத்தில் நிற்கலாம். அங்கே பிஏஇ (எச்ச இணைகளின் சார்பு நிலையில் எதிர்பார்க்கும் பிழை) அட்டவணையைப் பார்த்தே தீர வேண்டும்.

தொடுகையின் வகை

உப்புப் பாலத்துக்கு, லைசின் அல்லது ஆர்ஜினினின் பக்கச் சங்கிலி நைட்ரஜனும் அஸ்பார்ட்டிக் அல்லது குளூட்டமிக் அமிலத்தின் கார்பாக்சில் ஆக்சிஜனும் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. யுபிக்விட்டினில் லைசின் 27க்கும் அஸ்பார்ட்டிக் அமிலம் 52க்கும் இடையே இதைத் தேடிப் பாருங்கள். ஹிஸ்டிடினைச் சேர்ப்பதா என்பது அதன் புரோட்டான் நிலையைப் பொறுத்தது. கோப்பு அதைச் சொல்லாது.

ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுநர் (ஹைட்ரஜனைத் தருவது), ஏற்பி கன அணுக்கள் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருப்பதோடு கோணமும் சரியாக இருக்க வேண்டும். முதுகெலும்புக்கு டிஎஸ்எஸ்பி நிரல் தொலைவுக்குப் பதிலாக நிலைமின் ஆற்றலைக் கணக்கிட்டு, அது மோலுக்கு −0.5 கிலோகலோரிக்குக் கீழே இருந்தால் பிணைப்பு என்கிறது. அஸ்பராஜின், குளூட்டமின் வரும் இடங்களில் ஒரு சங்கடம் உண்டு: எக்ஸ் கதிருக்கு அமைடு நுனியின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். 180 பாகை திருப்பி வைக்கப்பட்டிருந்தால் கொடுநரும் ஏற்பியும் இடம் மாறிவிடும். வகை பிரிக்கும் முன் மால்புராபிட்டி என்ற அமைப்புச் சரிபார்ப்புச் சேவையில் கொடுத்து இந்தத் திருப்பங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சங்கிலிகளுக்கு இடையே

பதிவிறக்கிய கோப்பில் இருப்பது படிகத்தின் சமச்சீரற்ற அலகு (சமச்சீர்ச் செயல்களால் திரும்பத் திரும்ப வந்து முழுப் படிகத்தையும் ஆக்கும் பகுதி). அது உயிருக்குள் வேலை செய்யும் வடிவமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஹீமோகுளோபினின் 1எச்எச்ஓ கோப்பில் ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா சங்கிலி மட்டுமே இருக்கிறது. நான்கு சங்கிலிகள் கொண்ட முழுமை சமச்சீர்ச் செயலால் கிடைப்பது. அப்படியே கணக்கிட்டால் இரண்டு பாதிகளுக்கு நடுவில் உள்ள இடைமுகம் முழுதாகத் தவறிப்போகும். எனவே உயிரியல் கூட்டமைப்புக் கோப்பைத் தனியாகப் பதிவிறக்குங்கள். எதிர்ப்பக்கப் பிழையும் நடக்கும்: சமச்சீரற்ற அலகில் இரண்டு நகல்கள் படிகம் அடுக்கிய விதத்தால் மட்டும் ஒட்டியிருக்கலாம். அதை இருபடி (இரண்டு நகல்கள் கூடிய வடிவம்) என்று எழுதும் முன் பிசா சேவையில் இடைமுகத்தின் பரப்பைப் பாருங்கள்; கரைசலில் செய்த சோதனைகள் இருந்தால் அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள்.

இரண்டு அமைப்புகளை ஒப்பிடும்போது

லிகண்டு பிணைந்த வடிவத்தையும் பிணையாத வடிவத்தையும் ஒப்பிட்டு, இழந்த தொடுகை, புதிய தொடுகை என்று பிரிப்பது எல்லோரும் விரும்பிச் செய்யும் வேலை. இரண்டிலும் இருக்கும் எச்சங்களை மட்டும் எடுங்கள். ஒரே 4.5 எல்லையை இரண்டு பக்கமும் வைத்தால், 4.4இலிருந்து 4.6க்கு நகர்ந்தவை எல்லாம் இழப்பாகத் தெரியும். ஒன்றில் 4.5க்குள், மற்றதில் 5.5க்கு அப்பால் இருந்தால் மட்டும் இழப்பு என்று வைத்துக்கொண்டால் பட்டியல் சுருங்கும். மிஞ்சுவது பெரும்பாலும் நிஜமாக நகர்ந்தவை.

மூலக்கூறு இயக்கப் பாவனைகளில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் இதையே செய்து, எத்தனை விழுக்காடு நேரம் தொடுகை நிலைத்தது என்று சொல்வார்கள். அங்கே முதலில் மூலக்கூறை முழுதாக்குங்கள். பெட்டியின் விளிம்பைத் தாண்டிய சங்கிலி மறுபக்கம் தோன்றினால் இருந்த தொடுகைகள் காணாமல் போகும். தொலைவை மட்டும் மிக அருகிலுள்ள பிம்பத்துக்கு எடுத்தால், புரதம் தன் சொந்த நகலைத் தொடுவதும் பட்டியலில் கலந்துவிடும்.

முடிவை எழுதும்போது ஒரு வரியில் இவ்வளவும் இருக்கட்டும்: கோப்பின் அடையாளம், எந்தக் கூட்டமைப்பு, எந்தச் சங்கிலி, எந்த எண் வரிசை, எந்த அணுக்கள், எல்லைத் தொலைவு, குறைந்தபட்ச வரிசை இடைவெளி, மாற்று நிலைகளை என்ன செய்தீர்கள், மென்பொருளின் பதிப்பு. இது இருந்தால் வேறொருவர் அதே கோப்பை எடுத்து உங்கள் பட்டியலை அப்படியே திரும்பப் பெற முடியும்.